முகாம் பணக்கொடைக்குக் கையெழுத்து வாங்கப் போனவர்களே, உங்களுக்கு என்ன பதில் கிடைத்தது?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் அகதிகளுக்கு அரசு தரும் பணக்கொடையை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோமே, அதில் யார் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று ஆளுக்கொன்றாக எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்தது வடசென்னையில் மூலக்கடை, வியாசர்பாடி பக்கம். "இங்க இருக்கறவனுக்கே ஒரு வழியக் காணோம், அவங்களுக்கு மாசா மாசம் காசு வேறயா?" பாதிப் பேர் ஆரம்பிப்பதே இப்படித்தான். இதற்குக் கோபப்பட எனக்கு மனசு வருவதில்லை. ஒரு மழைக்குச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் தெருவில் நின்றுகொண்டு கேட்கிறோம். அதனால் வாதம் செய்யாமல் தொகையை மட்டும் சொல்வேன். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் 500.

"வாரத்துக்கா?" என்றார் ஒரு டீக்கடைக்காரர்.

மாதத்துக்கு அண்ணே. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500. ரேஷன் அரிசி தனி, அது சரி. ஆனால் கையில் வரும் காசு நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 117 ரூபாய்கூட முழுசாக இல்லை. அவர் வடைச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாலு டீ, நாலு வடை. அதோட முடிஞ்சுது" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

தொகை குறைவு என்பதை இப்படிப் புரியவைத்துவிடலாம். அது தானாக ஏறாது என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கிறது. 2011-ல் குடும்பத் தலைவருக்கு 1,000 ஆக்கினார்கள். அடுத்த உயர்வு 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த பிறகுதான். பத்து வருஷம் அதே ஆயிரம். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறினால் பேப்பரில் படிக்கிறோம், அந்த ஏற்பாட்டில் கொஞ்சம் இங்கேயும் இருக்கக்கூடாதா என்பதுதான் நம் மனு. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. எல்லாமே அரசாணையில்தான் ஓடுகிறது. எந்த ஆட்சி வந்தாலும் பார்த்துக் கொடுத்தால் உண்டு என்ற நிலைமை.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்றின் பக்கத்தில் ஒரு பாட்டி, "இவங்க எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். 83-க்கு அப்புறம், 90-லும் நிறையப் பேர் என்றேன். "நாங்க கப்பல்ல வந்து எறங்கி, கொஞ்ச வருஷத்துல இந்த ஊர்க்காரங்களாயிட்டோம். இவங்களுக்கு இன்னுமா முகாமு?" என்று என்னைத் திட்டுவது போலக் கேட்டார். அவர்கள் இந்தியக் குடிமக்களாகத் திரும்பி வந்தவர்கள், இவர்கள் கதை வேறு என்று விளக்கப் போனேன். அதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த மருமகளையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடவைத்தார்.

புழல்காரன்: நான் காவாங்கரை முகாமில் பிறந்து வளர்ந்தவன். அண்ணன் வெளி ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். உண்மையில் எங்கள் ஆட்களிடம் வாங்குவதுதான் பெரும்பாடு. என் அம்மம்மா பேனாவைத் தொடவே இல்லை. "தாற காசுக்குக் குறை சொல்லாதே தம்பி. பிறகு பேரை வெட்டிப் போட்டால் என்ன செய்யிறது?" என்றார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. செக்கிங் என்று அதிகாரிகள் வந்து ஆள் கணக்கு எடுக்கும் அன்றைக்கு ஆள் முகாமில் இருக்கவேண்டும். எங்களில் பல பேர் பெயிண்டிங் வேலைக்குத்தான் போகிறோம். வெளியூரில் சாரத்தில் நிற்கும்போது நாளைக்கு செக்கிங் என்று போன் வந்தால், மேஸ்திரியிடம் கெஞ்சி ராத்திரி பஸ் பிடிக்க வேண்டியதுதான். இரண்டு நாள் கூலி போகும். உயர்வு கேட்கும் மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

பெரம்பூர் அக்கா: என் சித்தி மகன் லண்டனில் தஞ்சம் கேட்டிருந்தான். அங்கே உதவித்தொகை வாரக் கணக்கு. 2024-ல் ஒருவருக்கு வாரம் 49.18 பவுண்டு, தங்க இடம் தனி. கேட்டால் அள்ளிக் கொடுப்பது போல இருக்கும், அந்த ஊர் விலைக்கு அது ஒன்றுமே இல்லை. வேலைக்குப் போகவும் பெரும்பாலும் விடுவதில்லை. ஆனால் ஒன்று, அங்கே கணக்கைக் கேள்வி கேட்க முடிகிறது. 2014-ல் ஓர் அகதிகள் நல அமைப்பு வழக்குப் போட, துணி சோப்பு, குழந்தைக்கான நாப்பி, பால்மாவு எல்லாம் சரியாகக் கணக்கில் வரவில்லை என்று, தொகையை முடிவுசெய்த விதம் செல்லாது எனத் தீர்ப்பு வந்தது. அரசு மறுபடி கணக்குப் போட்டு அதே தொகையையே வைத்தது, அது வேறு கதை! இருந்தாலும் எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பட்டியலைக் காட்டவேண்டி வந்ததே. இங்கே 1,500 என்பதை எதைக் கூட்டி எடுத்தார்கள்? நம் மனுவில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பேன்.

முதலில் எழுதிய நானே மறுபடி: சரி, செக்கிங் பற்றிய வரி, தொகைக் கணக்கு பற்றிய கேள்வி இரண்டையும் மனுவில் சேர்த்துவிடுகிறேன். மனு கொண்டுபோன ஓர் அலுவலகத்தில் "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணைக் கையோடு வாங்கிவரலாம். மாதவரம், கொடுங்கையூர் தாள்கள் இன்னும் வந்து சேரவில்லை. வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.