2038-ஐத் தாண்டிய தேதியால் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

என்னுடையதைச் சொல்கிறேன். 32 பிட் லினக்ஸ் ஓடும் சின்னக் கருவி. 1970-லிருந்து நொடிகளாக எண்ணப்படும் நேரம் 32 பிட்டில் 2038 ஜனவரி வரைதான் அடங்கும். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை மாற்றிய அன்றே, "சான்றிதழ் காலாவதி" என்று இணைப்பை மறுக்க ஆரம்பித்தது. கருவியின் கடிகாரம் சரியாக இருக்கிறது, சான்றிதழோ 20 வருடத்துக்குப் போட்டது. இரண்டு நாள் நெட்வொர்க்கையே சந்தேகப்பட்டோம். அப்புறம் காலாவதி நேரத்தை லாக்கில் அச்சிட்டுப் பார்த்தால், 1970 ஜனவரி 1, காலை 05:29:59!

யுனிக்ஸ் நேரத்தின், அதாவது அந்த நொடி எண்ணிக்கையின், பூஜ்ஜியம் நம் ஊரில் அன்று காலை 05:30. அதற்கு ஒரு நொடி முன்னால் என்றால் -1. தேதியை நொடிகளாக மாற்றும் டைம்ஜிஎம் என்ற ஃபங்ஷன், கணக்கு 32 பிட்டுக்குள் அடங்கவில்லை என்றால் பிழை என்று சொல்லத் தருவதும் அதே -1 தான். எங்கள் நிரல் அதைச் சோதிக்காமல் தேதியாகவே எடுத்துக்கொண்டது.

லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.34 பதிப்புக்கு மாறி, நேரத்தை வைக்கும் டைம்_டி என்ற வகையை 64 பிட்டாகக் கேட்டு கம்பைல் செய்தோம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.6-க்கு மேல் இருந்ததால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தில் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பை) அப்படியே எழுதி வைத்திருந்தோம். 4 பைட் நேரம் 8 பைட் ஆனதும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் தள்ளிப்போய், பழைய பதிவுகளைப் படித்தால் குப்பைதான் வந்தது. அதைச் சரிசெய்யத்தான் மூன்று வாரம் போனது. இப்போதெல்லாம் டைம்_டி-யை நேராகச் சேமிக்க யாரையும் விடுவதில்லை, எப்போதும் 64 பிட்டாகவே இருக்கும் இன்ட்64_டி மட்டும்தான்.

மறுமொழி 1:
2038 வரை காத்திருக்கவே வேண்டாம். ஏஓஎல்சர்வர் என்ற வெப் சர்வர் மென்பொருளில் "டைம்அவுட்டே (காத்திருக்கும் கால வரம்பே) வேண்டாம்" என்பதற்காக 100 கோடி நொடி என்று போட்டிருந்தார்கள். 2006 மே 13 அன்று, இப்போதைய நேரத்தோடு அதைக் கூட்டினால் எல்லை தாண்டிவிட்டது, சர்வர்கள் விழுந்தன. உங்கள் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் பெரிய எண்கள் இருந்தால் இன்றே பாருங்கள்.

மறுமொழி 2:
நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பழைய சர்க்யூட் பலகை ஒன்றில் தேதியை 2038 ஜனவரி 19, காலை 08:44:00 என்று வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 08:44:07-க்கு அடுத்த நொடி 1901 டிசம்பர் 14, 02:07:02 என்று வந்தது. எண் நிரம்பி மைனஸுக்குச் சுற்றிவிடுவதால் 1901 எதிர்பார்த்ததுதான், ஆனால் நிமிடக் கணக்கு இடித்தது, 02:15:52 அல்லவா வர வேண்டும்? பக்கத்தில் ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்பதற்குப் பதில் எம்எம்டி என்று இருந்தது. தேடினால் அது மெட்ராஸ் நேரம்! 1870 முதல் 1905 வரை உள்ள இந்தியத் தேதிகளுக்கு நேர மண்டலத் தரவு 5 மணி 21 நிமிடம் 10 நொடியைத்தான் கூட்டுகிறது. உங்கள் லாக்கில் எம்எம்டி கண்ணில் பட்டால், 32 பிட் நேரம் எங்கோ சுற்றிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.