மேட்டு லயம் (தோட்டக் குடியிருப்பு) குடும்பக் குழு: சின்ன மாமா கால்பந்து கோச் ஆகப் போறார்

*சின்ன மாமா, மாலை 6.41*
இந்த சீசன் முடிஞ்சதும் பூட்ஸ கழட்டுறேன். கோச்சிங் பக்கம் போறதா முடிவு. அண்ணே, எதுல தொடங்குறது?

*பெரிய மாமா (பி.டி. வாத்தியார்), 6.48*
சீசன் முடியுற வரைக்கும் ஏன் பாத்துக்கிட்டு இருக்கணும்? ஆடிக்கிட்டிருக்கும்போதே தொடங்கு தம்பி. ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) கோச் லைசன் வரிசை: கிராஸ்ரூட்ஸ் (சின்னப் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குற ஆரம்ப கோர்ஸ்), அப்புறம் சி, பி, ஏ, கடைசியா ப்ரோ. சி இல்லாம பி-ல உக்கார முடியாது. லீக் செயலாளர்கிட்ட இப்பவே பேர் கொடுத்து வை.

*சின்ன மாமா, 6.50*
இத்தன வருசம் லீக்ல ஆடினவனுக்கு கிராஸ்ரூட்ஸ்ல படிக்க என்ன இருக்கு? நேரா சி எடுத்தா ஆகாதா?

*பெரிய மாமா (பி.டி.), 6.57*
உனக்கு முதல் டச், அதான் வர்ற பந்த முதல் தொடுறதுலயே அடக்குறது, தானா வருது. 11 வயசுப் புள்ளைக்கு அது ஏன் வரலன்னு பாத்துச் சொல்லணும். பந்து வர்றதுக்கு முன்ன தோளுக்குப் பின்னால திரும்பிப் பாக்கலையா? நிக்குற கால் விறைச்சுப் போச்சா? வாங்குற கால்ல கணுக்கால் தளர்ந்து கெடக்கா? மூணுலயும் பந்து ஒரே மாதிரிதான் துள்ளி ஓடும். ஆனா திருத்துற விதம் மூணுக்கும் வேற வேற. இத கண்ணு பழகணும், அதுக்கு சின்னப் புள்ளைங்கள விட நல்ல பள்ளிக்கூடம் கெடையாது.

*நான், 7.02*
சின்ன மாமா, ஸ்பெயின் ஆட்டக்காரர் சாபி அலொன்சோவ பாருங்க. 2017ல ஓய்வு. அவ்வளவு பெரிய பேரு, ஆனா தொடங்கினது ரியல் மாட்ரிட்டோட 14 வயசுக்குட்பட்ட அணியில. பிறகு ரியல் சொசியடாட் பி அணி, 2022 ஒக்டோபர்லதான் ஜெர்மன் கிளப் லெவர்குசன். 2023-24ல ஜெர்மன் லீக்க ஒரு தோல்வியும் இல்லாம எடுத்தார். இத்தாலி ஆட்டக்காரர் பிர்லோவுக்கு 2020ல பெரிய கிளப் யுவென்டஸ் நேராவே கையில கெடச்சுச்சு, ஒரே சீசன்ல வெளிய.

*சின்ன மாமா, 7.05*
சரி மாப்ள, புள்ளைங்கள்ல இருந்தே தொடங்குறேன். தோட்டத்து மைதானத்துல 12 வயசுக்குட்பட்டவங்க 16 பேர் வருவாங்கன்னு வையுங்க. ஒரு மணித்தியாலம். எப்படிப் பிரிக்கிறது?

*பெரிய மாமா (பி.டி.), 7.19*
முதல்ல 15 நிமிசம் ஃபிஃபா 11 ப்ளஸ் கிட்ஸ், அடிபடாம இருக்க செய்யுற வார்ம்-அப். 7 வயசுல இருந்து 13 வரைக்கும்னு செஞ்சது. ஒத்தக் கால் சமநிலை, குதிச்சு இறங்குறது, விழப் பழகுறது எல்லாம் அதுல இருக்கு. 14ல இருந்து பெரியவங்களோட 11 ப்ளஸ், அது 20 நிமிசம், வாரத்துக்கு ரெண்டு தரமாவது செய்யணும்.

அடுத்த 15 நிமிசம் மூணுக்கு ஒண்ணு: மூணு பேர் பாஸ் பண்ணணும், ஒருத்தன் பந்தப் பறிக்கணும். நாலு கட்டம், ஒவ்வொண்ணும் 8 மீட்டர் சதுரம், 16 கோன், 4 பந்து. பந்து அடிக்கடி வெளிய போச்சுன்னா கட்டத்த 10 மீட்டராக்கு, புள்ளைங்கள ஏசாத.

பிறகு நாலுக்கு நாலு. 30க்கு 20 மீட்டர்ல ரெண்டு மைதானம், 8 பிப் (அணியப் பிரிச்சுக் காட்ட சட்டைக்கு மேல போடுற கலர் பனியன்). 4 நிமிச ஆட்டம், 2 நிமிச ஓய்வு, நாலு சுற்று. மீதி நேரத்துல தண்ணி, உடம்பத் தளத்துறது.

முன்னாள் ஆட்டக்காரங்க வழக்கமா செய்யுற தப்பு, எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வச்சு கோல் அடிக்க விடுறது. கணக்குப் போடு: ஒருத்தனுக்கு 10 செக்கன்னா 16 பேர் முடிய 160 செக்கன். பத்து நிமிசத்துல ஒரு புள்ளைக்கு பந்து நாலு தரம் கெடைச்சா பெருசு. மிச்ச நேரம் குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கும்.

*சின்ன மாமா, 7.22*
நம்ம மைதானம் கீழ்ப்பக்கம் சாஞ்சு கெடக்கே அண்ணே.

*பெரிய மாமா (பி.டி.), 7.27*
சாய்வுக்குக் குறுக்கால கோல வை. மேலயிருந்து கீழ்நோக்கி வச்சா ஒரு பக்கம் அடிச்சிக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் பந்த பொறுக்கவே தேயிலைக்குள்ள ஓடும். மழையில பந்து குட்டையில நின்னுருச்சுன்னா அன்னைக்கு தரைப் பாஸ் வேணாம். தொடையாலயும் பாதத்தாலயும் பந்த நிறுத்துறதக் குடு. தூக்கி நகத்துற கோல் கம்பத்த கட்டாயம் நிலத்தோட இறுக்கிக் கட்டணும். புள்ளைங்க தொங்கினா மேல சாயும், அதுல உயிர் போயிருக்கு.

*நர்ஸ் அத்தை, 7.34*
நம்ம பக்கம் மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் அந்தி நேரத்துல இடி வரும். சத்தம் கேட்டதுமே நிப்பாட்டுங்க, மரத்தடியில ஒதுங்க விடாதீங்க. கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிசம் போகணும்.

தலையில அடிபட்டு தடுமாறினா, கேட்டதையே திரும்பக் கேட்டா, வாந்தி எடுத்தா அன்னைக்கு மறுபடி இறக்கவே கூடாது, டாக்டர்கிட்ட காட்டணும். அவன் “நான் ஓகே”ன்னுதான் சொல்லுவான், நம்பாதீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஹெடிங் (தலையால பந்த முட்டுறது) பயிற்சியும் வேணாம். இங்கிலாந்துல 2020லயே 11 வயசு வரைக்கும் பயிற்சியில அத நிப்பாட்டச் சொல்லிட்டாங்க.

உங்களுக்கும் ஒண்ணு தம்பி. ஆட்டத்த நிறுத்தினதும் ஓட்டத்த ஒரேயடியா விட்டுறாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா குறைங்க, சோத்தையும் சேத்துக் குறைங்க. பிரஷரும் சீனியும் பாத்துக்குங்க.

*சின்ன மாமா, 7.36*
சரி அண்ணி.

*நான், 7.40*
பந்து எந்த சைஸ்?

*பெரிய மாமா (பி.டி.), 7.47*
12 வரைக்கும் நாலாம் நம்பர். அஞ்சாம் நம்பருக்கு விதிப்படி காத்தழுத்தம் 8.5ல இருந்து 15.6 பி.எஸ்.ஐ.; புள்ளைங்களுக்கு பந்து மேல போட்டிருக்கிற அளவுல கீழ் எல்லையில வை. கொழும்புல காத்தடிச்ச பந்து மலை மேல ஹட்டன் வந்ததும் ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல இறுகிரும். வெளிக் காத்தழுத்தம் குறையுறதுதான் காரணம், குளிர் அதுல கொஞ்சத்த ஈடு கட்டும். அதனால காத்தழுத்தம் பாக்குற கேஜ மைதானத்துல வச்சுப் பாரு, விரலால அமுக்கிப் பாத்துச் சொல்லாத.

*சின்ன மாமா, 7.50*
லைசன் கோர்ஸ்ல எதுல பெயிலாகுறாங்க?

*பெரிய மாமா (பி.டி.), 8.03*
பேச்சுல. ஆட்டத்த நிறுத்தி மூணு நிமிசம் விளக்குவாங்க, புள்ளைங்க ஆறிப்போகும். 20, 30 செக்கன் போதும்: நிறுத்து, எங்க நின்னான்னு காட்டு, எங்க நிக்கணும்னு அவனையே கேளு, திரும்ப ஓட விடு. இன்னொண்ணு, தலைப்பு “பின்னாலயிருந்து ஆட்டத்தக் கட்டுறது”ன்னு தந்திருப்பாங்க, இவங்க நடுவுல ஷூட்டிங்க திருத்தப் போயிருவாங்க. ஒரு செஷனுக்கு ஒரே தலைப்பு.

பாடம் சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ நடக்கலாம், அதனால பிரஸிங், கவர், சப்போர்ட் மாதிரி சொல்லெல்லாம் மூணு பாஷையிலயும் சொல்லப் பழகு. இன்னைக்கே ஒரு சி.ஆர். கொப்பி (கெட்டி அட்டை நோட்டு) வாங்கு. செஷனுக்கு ஒரு பக்கம்: திகதி, எத்தன பேர், மைதான அளவு, படம், எது சரி வரல, ஏன். அடுத்த படிக்கு போகும்போது அனுபவத்துக்கு சாட்சி அதுதான்.

*சின்ன மாமா, 8.06*
சனிக்கிழமை 3 மணிக்கு மைதானத்துல தொடங்குறேன் அண்ணே. பிப் எட்டும் இல்ல, அஞ்சுதான் இருக்கு.

*பெரிய மாமா (பி.டி.), 8.07*
மூணு நான் கொண்டாறேன். அம்மா அப்பா கையெழுத்து வச்ச கடிதம் இல்லாம ஒரு புள்ளையையும் இறக்காத. நோய், மருந்து, அவசரத்துக்கு போன் நம்பர் மூணும் அதுல இருக்கணும்.

*நர்ஸ் அத்தை, 8.09*
வீசிங் இருக்கிற புள்ளைன்னா பம்ப் பையில இருக்கான்னு முதல்ல பாருங்க. அந்தக் குளிர்ல ஓடினா இழுக்கும்.