படிக்கம் வைத்த ஒயின் வீடு: அப்பாவோடு அல்சாஸ் கிராமத்துக்குப் போன கதை

கடைமடையான் எழுதியது:

அக்கா பிரான்ஸில், அல்சாஸ் பகுதியின் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறாள். அத்தான் வீடு காரைக்காலில் பழைய சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள். அதனால் எங்கள் பக்கத்தில் பிரான்ஸ் என்றால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள், திருச்சி மாதிரி அதுவும் ஓர் ஊர், என்ன, டிக்கெட் விலை கூட. எங்கள் அப்பா மட்டும்தான் போனதே இல்லை. "நாத்தங்காலைப் போட்டுட்டு எவன் வருவான்" என்று வருஷா வருஷம் தட்டிக் கழித்தவர், போன செப்டம்பர் கடைசியில் ஒருவழியாகக் கிளம்பினார், அதுவும் சித்தப்பாவிடம் மடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தினமும் சாயங்காலம் போன் போட வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாக.

பாரிஸில் இறங்கியதும் லா சப்பெல் போனோம், இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கிற பகுதி. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, வெற்றிலை. விலையை நான் சொல்லவில்லை, சொன்னால் அங்கேயே திரும்பியிருப்பார். சீவல் அவர் பையிலேயே இருந்தது.

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து ரயிலில் கொல்மார், அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டரில் அந்தக் கிராமம். எழுத்துக் கூட்டிப் படித்தால் எகிஸ்ஹைம், அக்கா பிள்ளைகள் வாயில் எகிசெம். பெயரெல்லாம் ஜெர்மன், பேச்சு பிரெஞ்சு. 1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1945-ல் மறுபடி பிரான்ஸ் என்று கை மாறி மாறி வந்த பூமி. காரைக்காலும் பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று மாறி மாறிக் கிடந்த ஊர்தானே, அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

கொல்மாரில் பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்தது எப்போது என்று பார்த்தால் ரொம்ப நேரம் இருந்தது. அக்கா மகன், கல்லூரியில் படிக்கிறான், நடந்தே போகலாம் என்றான். எனக்கு எரிச்சல், ஆனால் அந்த நடைதான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான பகுதி. ஊரை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் திராட்சைதான். நான் கம்பத்துப் பந்தல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே பந்தல் இல்லை, கம்பி கட்டி வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்குக் கொடி. சில வரிசைகளின் தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி. சாம்பல் நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும் என்று அந்தக் காலத்தில் வைத்த பழக்கமாம், இப்போது பெரும்பாலும் அழகுக்குத்தான். அப்பா அதைக் கேட்டுவிட்டு "நாம வரப்புல ஆமணக்கு வைக்கிறாப்ல" என்றார், அவ்வளவுதான், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வரிசைக்குள் இறங்கிவிட்டார்.

அங்கே அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் கையில் சின்னக் கத்தரியோடு குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள், எங்கள் அத்தை வயது இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், எங்களைப் பார்த்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தார். அது அவர்கள் சொந்தத் தோட்டம், வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் உறவுக்காரர்கள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுக்குத் தண்ணி எப்பப்ப விடுவீங்க?"

பையன் மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் வானத்தைக் காட்டினார். சரியாகக் கேட்கவில்லை போல என்று அப்பா மறுபடி கேட்டார், வாய்க்கால் எங்கே, மடை எங்கே, போர் எத்தனை அடி. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. காய்க்கிற கொடிக்குப் பாசனம் செய்ய அங்கே பொதுவாக அனுமதியே இல்லை, நட்ட புதிதில் மட்டும் விடலாம். மழையும் அதிகம் கிடையாது, மேற்கே வோஜ் மலை மேகத்தைத் தடுத்துவிடுகிறது, கொல்மார் பிரான்ஸிலேயே வறண்ட ஊர்களில் ஒன்று, வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மட்டுமே அதைவிடக் கூடக் கொட்டும். தண்ணீர் கொடுத்துப் பழக்கினால் வேர் மேலேயே நின்றுவிடும், கொடுக்காவிட்டால் கீழே தேடிப்போகும், கஷ்டப்பட்ட கொடியில்தான் பழம் ருசி என்றார் அவர். தன் தாத்தா வைத்த கொடி என்று ஒன்றைக் காட்டினார், அடி மணிக்கட்டுப் பருமன், முறுக்கிக்கொண்டு நின்றது.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த அடியைத் தடவிப் பார்த்தார். மண்ணுக்குச் சற்று மேலே ஒரு கணு புடைத்திருந்தது. "ஒட்டுக்கட்டு" என்றார், யாரும் சொல்லாமலே. ஆமாம், 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸின் திராட்சையைச் சூறையாடியது, பெயர் ஃபிலாக்சரா. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்பதால் அதன் மேல் தங்கள் கொடியை ஒட்டித் தப்பித்தார்கள், இன்று வரை அப்படித்தான் நடுகிறார்கள். ஒட்டுமாங்கன்று கட்டியவருக்கு இதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? இரண்டு பேரும் விரலாலேயே பேசிக்கொண்டார்கள்.

பிறகு அப்பா தன் கதையைத் தொடங்கினார். மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12, கல்லணை, அரசலாறு, அதில் தண்ணீர் வந்து எங்கள் மடைக்குச் சேர்வதற்குள் ஆடி பிறந்துவிடுவது, காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), அதில் காரைக்காலுக்கு வந்து சேர்வது எவ்வளவு, எல்லாம். பையனுக்கு டி.எம்.சி.யை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, எனக்கும்தான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார், அப்படியானால் மேலே இருக்கிறவன் தண்ணீரை விடாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலைப் பையை எடுத்தார்.

மத்தியானம் அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போனார். அங்கே பல வீடுகள் அப்படித்தான், மாடியில் குடியிருப்பு, கீழே பீப்பாய். மேஜையில் நான்கைந்து பாட்டில் ஒயின், ரீஸ்லிங், பினோ கிரி, வாயில் நுழையாத கெவுர்ட்ஸ்ட்ராமினர் (மோந்து பார்த்தால் ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்த வாசனை, சத்தியமாக). பக்கத்தில் வாய் அகன்ற ஒரு பாத்திரம். ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்புவார்கள், எல்லாவற்றையும் விழுங்கினால் நாலாவது பாட்டிலில் ஆள் சாய்ந்துவிடுவார் அல்லவா. அப்பா குடிப்பதில்லை, அவருக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, படிக்கம்!" என்றார். காலையிலிருந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு துப்ப இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர். நான் தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. செக்கச்செவேலென்று. அந்த அம்மாள் ஒரு கணம் பாத்திரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ரத்தமோ என்று பயந்துவிட்டார் பாவம். அப்புறம் விளக்கியதும் தனக்கும் ஒரு வெற்றிலை வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு சுட்டு, அதே பாத்திரத்தில் துப்பினார்.

அந்தப் பருவத்தில் புது ஒயின் என்று ஒன்று கிடைக்கும், நொதித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து வருவது, கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுரீரென்று. மூடியை இறுக்கி அடைக்க மாட்டார்கள், அடைத்தால் வெடித்துவிடும். கூட வால்நட் தின்னக் கொடுக்கிறார்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, எங்கள் காரைக்காலில் கடை உண்டு, ஆகவே எனக்கு ஒப்பிடத் தெரியும்.)

ஊரைப் பற்றிச் சொல்லவே இல்லையே. ஸ்ரீரங்கத்துச் சுற்று மாதிரி தெரு, ஆனால் சதுரமாக இல்லாமல் வட்டம் வட்டமாக, நடுவில் கோட்டையும் நீரூற்றும், ஊற்றின் மேல் ஒன்பதாம் லியோ போப்பாண்டவர் சிலை, 1002-ல் பிறந்தவர், இந்த ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். வீடுகள் மரச்சட்டம் போட்டு மஞ்சள், நீலம், ரோஸ் என்று பூசியவை, எல்லா ஜன்னலிலும் பூத்தொட்டி. அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம், போட்டோ எடுக்கிறவர்கள் கூட்டத்தில் முக்கால் மணி. கூரை மேலே பெரிய பெரிய கூடுகள் இருந்தன, செங்கால் நாரையினுடையது. ஆகஸ்டிலேயே பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிடுமாம். 1970-களில் அல்சாஸ் முழுவதும் பத்து ஜோடி கூட இல்லாமல் போய், வளர்த்து விட்டுத்தான் மீட்டார்களாம். அப்பா காலிக் கூட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன். "தண்ணி வந்துச்சாடா?" வரவில்லை.

*

தேரடித்தெரு எழுதியது:

படித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நாங்கள் டிசம்பரில் கைசர்ஸ்பர்க் போனோம், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஆப்பிரிக்காவில் மருத்துவம் பார்த்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த ஊர். கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான், ஆனால் கும்பகோணம் மகாமகக் குளக்கரை மாதிரி கூட்டம், கொடிகளெல்லாம் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றன. ஒயின் ஊர் பார்க்க வேண்டும் என்றால் குளிரில் போகாதீர்கள். அப்புறம் சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்தீர்கள்? எங்களுக்கு ரொட்டியும் சீஸும்தான்.

*

கடைமடையான் எழுதியது:

மெல்லிய மாவில் வெங்காயமும் க்ரீமும் போட்டுச் சுடுகிற ஒன்று எல்லாக் கடையிலும் உண்டு, தார்த் ஃப்ளாம்பே. அதில் பன்றிக்கறித் துண்டு தூவியிருப்பார்கள், அது இல்லாமல் கேட்டால் சில கடைகளில் செய்து தருகிறார்கள். அப்பாவுக்கு அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை. இனிப்புக்குக் கூகிலோஃப், பணியாரச் சட்டியைப் பெரிதாக்கிக் கவிழ்த்தது போல ஒரு கேக்.

*

மதிலழகு எழுதியது:

அவ்வளவு தூரம் போக முடியாத மன்னார்குடிக்காரன் நான், போன வருஷம் கம்பத்துக்குப் போனேன். தஞ்சாவூர், மதுரை, தேனி என்று பஸ் மாறி மாறி முதுகு கழன்றுவிட்டது. ஒயினுக்காக அல்ல, பழத்துக்காக. சுருளிப்பட்டிப் பக்கம் ரோட்டோரத்திலேயே பந்தல், குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேலே கருநீலத்தில் குலை குலையாக, பகலிலேயே உள்ளே அரை இருட்டு. பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இதையும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள், பாருங்கள், எங்கே சுற்றினாலும் பிரெஞ்சுக்காரன்தான்.

கடைமடையான் அப்பாவுக்கு அங்கே மனசு ஆறும். வருஷம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் வெட்டு நடக்கிறது, எல்லாம் முல்லைப் பெரியாறு தண்ணீர். 1895-ல் முடிந்த அணை. லோயர் கேம்பில் அதைக் கட்டிய இன்ஜினீயர் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபமே இருக்கிறது, அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். நான் பழம் வாங்கிய தோட்டத்துப் பெரியவர் வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம். தண்ணீர் கொடுத்தவன் சாமி என்றார். நம் ஊரில் தண்ணீர் கொடுத்தவனைக் கும்பிடலாம் என்றால் கரிகாலன் காலத்துக்குப் போக வேண்டும்.

பழம் வாங்கும்போது கவனம். ரோட்டில் ஒரு தள்ளுவண்டிக்காரர் மேலே நல்ல குலையை வைத்து அடியில் உதிர்ந்ததைப் போட்டுக் கட்டிவிட்டார், சுருளி அருவியில் குளித்துவிட்டு வந்து பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. தோட்டத்திலேயே வாங்குங்கள்.

*

கொடிக்கால் பேரன் எழுதியது:

படிக்கக் கதை கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குக் கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். 2025-ல் இதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது, வந்து என்ன, பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

தாராசுரம் கோவில் பார்த்துவிட்டு வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஒருநாள் எங்கள் வேலி ஓரம் காரை நிறுத்தினார்கள். அகத்தி மரங்களுக்கு நடுவே பச்சை இருட்டாகத் தெரிந்ததும் என்ன காடு இது என்று கேட்டார்கள். உள்ளே வரலாம், செருப்பைக் கழற்றுங்கள் என்றார் தாத்தா. கழற்றிவிட்டு வந்தார்கள். அகத்தியைத்தான் முதலில் விதைப்போம், அது எழும்பியதும் கொடியை அதில் ஏற்றி நாரால் கட்டுவோம், கொடி எட்டாத உயரம் போனதும் இறக்கிச் சுருட்டி மறுபடி மண்ணில் பதித்து ஏற்றுவோம், இதையெல்லாம் கையாலேயே செய்து காட்டினார். இந்தக் கொடிக்கு எத்தனை வயது என்று அந்தப் பெண் கேட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் இதில் காசு பார்க்க முடியாது என்றதும் நம்பவில்லை, அவர்கள் ஊரில் தோட்டத்துத் திராட்சை தனக்கு மூத்தது என்றார். தாத்தா கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துக் கிள்ளி, காம்பு நறுக்கி, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து இரண்டு பேருக்கும் கொடுத்தார். அந்த ஆள் மரியாதைக்காக மொத்தத்தையும் விழுங்கிவிட்டார். விக்கல் நிற்க ஒரு சொம்பு மோர் ஆயிற்று. துப்பலாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. படிக்கம் வீட்டுப் பரண் மேல் கிடந்தது.

*

கடைமடையான் எழுதியது:

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒட்டுக்கட்டிய கொடியைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கொடி மேலேயே நினைப்பு. கேட்கச் சொன்னார்: உங்கள் கொடிக்காலுக்குத் தினமும் தண்ணீரா, ஒருநாள் விட்டு ஒருநாளா, ஆற்றுத் தண்ணீரா, போரா? பதில் போடுங்கள், போடாவிட்டாலும் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார் போல இருக்கிறது. பரண் மேல் கிடக்கிற அந்தப் படிக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.