நீண்ட சுட்டி (இணைய முகவரி) பக்கத்தை விட்டு வெளியே ஓடுகிறது, மடக்கினால் தமிழ் சிதைகிறது: உதவி தேவை

வைகைக்கரை:
எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கு ஒரு வலைத்தளம் செய்துகொண்டிருக்கிறேன். இடது பக்கம் புத்தக அட்டை, வலது பக்கம் அறிமுகக் கட்டுரை. இரண்டையும் ஃப்ளெக்ஸில் (பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) வைத்திருக்கிறேன். கணினியில் ஒரு குறையும் இல்லை. 360 பிக்சல் அகலப் போனில் திறந்தால் பக்கமே பக்கவாட்டில் நகர்கிறது. ஒருவர் கட்டுரைக்குள் ஒட்டியிருந்த தமிழ் விக்கிப்பீடியா சுட்டிதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

நீளமான சொல்லை மடக்கச் சொல்லும் சிஎஸ்எஸ் பண்பான ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு பிரேக்-வேர்ட் என்ற மதிப்பைக் கொடுத்தேன், அசையவில்லை. வேர்ட்-பிரேக் என்ற இன்னொரு பண்புக்கு பிரேக்-ஆல் கொடுத்ததும் சுட்டி அடங்கிவிட்டது. ஆனால் கட்டுரை முழுவதும் கண்ட இடத்தில் முறிகிறது. ஒரு வரி "வந்திருக்கிறே" என்று முடிகிறது, அடுத்த வரி "ன்" என்று தொடங்குகிறது. வயதானவர்கள் அதிகம் வாசிக்கும் தளம், இப்படியே விட மனமில்லை.

தறிக்காரன்:
முதலில் பிரேக்-ஆலை எடுத்துவிடுங்கள். சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளலாமா என்று அது பார்க்காது. வரி நிரம்பிய இடத்தில் வெட்டிவிடும்.

சுட்டி ஏன் அவ்வளவு நீளம் என்றால், நகலெடுக்கும்போது தமிழ் எழுத்துகள் %E0 போன்ற விழுக்காட்டுக் குறிகளாக மாறிவிடுகின்றன. தமிழில் ஒரு யூனிகோடு குறிக்கு (புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட், ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. "தமிழ்நாடு" என்பதில் 9 குறிகள், ஆக 81 எழுத்து. நடுவில் ஓர் இடைவெளிகூடக் கிடையாது.

பிரேக்-வேர்ட் கைகொடுக்காததற்குக் காரணம் ஃப்ளெக்ஸ். அதற்குள் இருக்கும் பெட்டிக்கு மின்-வித் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ, அதாவது தன்னிடம் உள்ள மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே குறுகாது. அந்த அகலத்தைக் கணக்கிடும்போது, சொல்லை முறிக்கலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதியை பிரேக்-வேர்ட் கணக்கில் சேர்ப்பதில்லை. பெட்டி விரிந்துகொடுத்துவிட்டது, அப்புறம் முறிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. கட்டுரைப் பெட்டிக்கு மின்-வித் 0 கொடுங்கள், பிரேக்-வேர்ட் இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு எனிவேர் என்ற மதிப்பைக் கொடுத்தாலும் சரியாகும்தான். ஆனால் அட்டவணைக்குள் போட்டால் நெடுவரிசைகள் ஓரெழுத்து அகலத்துக்குக்கூடச் சுருங்கலாம் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

வைகைக்கரை:
சரியாகிவிட்டது அண்ணா! ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் இன்னும் சொற்கள் நடுவில் முறிகின்றன. மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

தறிக்காரன்:
அது வேறெங்கோ தட்டச்சு செய்து ஒட்டியதா? உலாவியில் பக்கத்தின் நிரலைக் காட்டும் இன்ஸ்பெக்டில் பாருங்கள். சொற்களுக்கு நடுவே என்பிஎஸ்பி என்று இருந்தால் அது முறியா இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலத்தான் தெரியும், உலாவிக்கோ அந்தப் பத்தி முழுவதும் ஒரே சொல். எல்லாவற்றையும் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்.

அச்சுக்கூடம்:
தம்பி, நான் முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். "ன்" மட்டும் கீழே விழுந்ததைக் கண்டு நீங்கள் பதறியது சரியே. உலாவிக்கு அந்த விதி தெரியாது. பிரேக்-வேர்டும் ஒரு சொல் வரியைவிட நீளமாக இருந்தால் இடம் பார்க்காமல்தான் முறிக்கும். உடல் எழுத்தில் இது அபூர்வம், பெரிய எழுத்துத் தலைப்பில் அடிக்கடி வரும். அங்கே, தேவைப்பட்டால் இங்கே முறிக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் டபிள்யூபிஆர் குறியைக் கையால் போடுங்கள்: காத்துக் | கொண்டிருப்ப | வர்களுக்கு. நான் கோடு போட்ட இடங்களில் அந்தக் குறி. ஒற்று மேல் வரியிலேயே நின்றுவிடும். மென் இணைப்புக்குறி போட்டால் முறியும் இடத்தில் ஒரு சிறு கோடு தெரியும். நாங்கள் கோடில்லாமல்தான் மடக்குவோம்.

வைகைக்கரை:
என்பிஎஸ்பிதான் அண்ணா, அந்த ஒரு கட்டுரையில் மட்டும் 214 இருந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஐயா, பன்னிரண்டு தலைப்புகளுக்குக் குறி போட்டாயிற்று, மீதி எட்டை இன்றிரவு முடித்துவிடுவேன். சுட்டிகளை இனி முழுதாக ஒட்டாமல் நூலின் பெயர்மீது இணைப்பாகக் கொடுக்கச் சொல்லி உறுப்பினர்களிடம் கேட்டிருக்கிறேன்.