வெள்ளச்சிக்கு மூன்று லட்சம்

குழு: தண்டையார்பேட்டை வீடு

சனிக்கிழமை

அப்பா, மாலை 6:10
📷 படம்
மீட்டரில் 2,99,957 கி.மீ. நாளைக்குப் பழவேற்காடு போனால் பொன்னேரி தாண்டியதும் நம் சஃபாரி கார் வெள்ளச்சிக்கு மூன்று லட்சம் விழுந்துவிடும். யார் யார் வருகிறீர்கள்? இரவுக்குள் சொல்லுங்கள்.

எண்ணூர் சித்தி, 6:14
நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் மாமா. இவருக்கு டியூட்டி. இறால் வாங்க ஐஸ் பெட்டி எடுத்து வருகிறேன்.

அம்மா, 6:15
ஐஸ் பெட்டி வேண்டாம்டி. போன தடவை கசிந்த தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் போய், ஒரு மாதம் வண்டியில் உட்கார்ந்தாலே காசிமேட்டு மீன் துறைமுகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்பா, 6:17
நாற்றம் கூடப் பரவாயில்லை. உப்புத் தண்ணீர் தரைத் தகட்டைத் தின்றுவிடும். பெட்டியைக் கொண்டு வா, அடியில் தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம்.

பெங்களூரு அண்ணன், 6:31
அப்பா, கோபப்படாதீர்கள். 2010 சஃபாரி, மூன்று லட்சம் ஓட்டம். இந்த ஒரு சுற்று முடிந்ததும் கொடுத்துவிடலாமே? அந்த புரோக்கர் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னாரே. டெல்லியில் 2015-லேயே டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

ராயபுரம் மாமா, 6:33
மாப்பிள்ளை, எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது. இன்னும் ரயில் போகிறது. அதையும் புரோக்கரிடம் பேசிப் பார்க்கலாமா?

பெங்களூரு அண்ணன், 6:33
ஸ்டேஷனுக்குக் கிளட்ச் கிடையாது மாமா.

அப்பா, 6:40
டெல்லி டெல்லியோடு இருக்கட்டும். போன வருடம்தான் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி வேறு. கட்டின காசுக்காவது ஓட்ட வேண்டாமா?

நான், 6:44
அப்பா, முதல் கியர் போட்டதும் ஒரு ‘டக்’ கேட்குமே, அது போய்விட்டதா? அதைச் சரி செய்யாமல் ஆயாவை ஏற்ற வேண்டாம்.

அப்பா, 6:58
போய்விட்டது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கிளட்சை விடும்போது ஒரு டக், ரிவர்ஸில் இன்னொரு டக். ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஐம்பதாயிரம் எடுத்து வையுங்கள் என்றார்கள். நேராக வியாசர்பாடிக்கு விட்டேன். நம் மெக்கானிக் பாய் அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். “நீங்களும் வந்து பாருங்க சார்” என்றார். வேட்டியோடு படுத்தேன். ஷாஃப்ட் உடனே திரும்புகிறது, மூட்டு ஒரு நூல் தள்ளித் திரும்புகிறது. அந்த ஒரு நூல்தான் டக்.

அந்த மூட்டுக்குள் சிலுவை மாதிரி இருக்கும் இரும்பு, அதுதான் கிராஸ், அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். நான்கு முனையிலும் தொப்பி மாதிரி இருக்கும். அதில் ஒன்றுக்குள் கிரீஸே இல்லை, செங்கல் நிறத்தில் துருப்பொடிதான். ஊசி ஊசியாக இருக்க வேண்டிய உருளைகள் உடைந்து சீரகம் மாதிரிக் கொட்டின. இரண்டு கிராஸும் மாற்றி, கூலியோடு மூவாயிரத்துச் சொச்சம்.

தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. மிக்ஜாம் புயலின்போது ஆயாவை ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீருக்குள் ஓட்டித்தான் கூட்டி வந்தோம். ஓடிச் சூடாக இருந்த பின் ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே மூச்சு விட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அது வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. வடிந்த மறுநாள் திருகைத் திறந்தால், தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில் டீக்கடை டீயாக வருகிறது. அதை மாற்றினேன். பக்கத்திலேயே இருந்த கிராஸுக்குக் கிரீஸ் அடிக்க மறந்துவிட்டேன்.

அம்மா, 7:01
வேட்டியைத் துவைத்தது யார் என்பதையும் எழுதுங்கள்.

எண்ணூர் சித்தி, 7:05
அந்த டிசம்பரை நினைவுபடுத்தாதீர்கள் மாமா. எங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. வாசல் சுவரில் இருந்த கறுப்புக் கோடு போக எத்தனை மாதம் ஆனது!

அப்பா, 7:08
உன் வீட்டுக்கு வந்து போனதில் வெள்ளச்சியின் அடியெல்லாம் அதே கறுப்புதான். எண்ணெய் பட்டால் ரப்பர் புஷ் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் அடித்தும் போகாமல் முன்பக்கப் புஷ் எல்லாவற்றையும் மாற்றினேன்.

ராயபுரம் மாமா, 7:10
எங்கள் தெருவில் ஒருத்தர் அந்த வெள்ளத்தில் நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். என்ஜினே போச்சு.

அப்பா, 7:12
சாவியே போடக் கூடாது மச்சான். உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெங்களூரு அண்ணன், 7:20
இதைத்தான் நானும் சொல்கிறேன். கிராஸ், புஷ், ஆக்சில்… இதற்கு முடிவே இல்லையா?

அப்பா, 7:36
நீ சொல்வதை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கொடுத்தால் அதிகம். போன வருடம் நாற்பதாயிரம் செலவானது. ஆனால் இதே அளவில் புது வண்டி எடுத்தால் இரண்டு மாதத் தவணைக்கே அந்தக் காசு காணாது. அதோடு, இந்த வண்டியில் அடுத்து என்ன போகும் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும்.

எப்போது கொடுப்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சேஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டத்தை, முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே வருவேன். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘டப்’ என்று அடங்கிக் கேட்டால் அங்கே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம். என்ஜினைப் பிரித்துச் செய்யலாம், கிளட்ச் மாற்றலாம், கைப்பிடி உடைந்தால் புதுப்பேட்டையில் கிடைக்கும். சேஸ் போனால் வண்டி போச்சு. நம்மைச் சுற்றி வீசுவதெல்லாம் கடல் காற்று. அதனால்தான் மாதம் ஒரு தடவை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடிக்கிறேன். உன் அம்மா அதை ‘கார் பூஜை’ என்கிறாள். இந்த தை மாதம் தட்டியபோதும் முழுக்க டங்தான். டப் கேட்கிற அன்றைக்கு நீ சொல்லவே வேண்டாம், நானே புரோக்கரைக் கூப்பிடுவேன்.

பெங்களூரு அண்ணன், 7:41
சரிப்பா. டயராவது பாருங்கள்.

அப்பா, 7:42
பாப்பா, கீழே போய் ஸ்டெப்னி டயரில் கடைசி நாலு நம்பர் என்னவென்று பார்த்துச் சொல்லு. முட்டை மாதிரி ஒரு வட்டத்துக்குள் இருக்கும்.

நான், 7:49
1218. கொசு பிடுங்குகிறது.

அப்பா, 7:51
2018-ஆம் வருடம் 12-ஆவது வாரம். எட்டு வயசு. ஓடாமலே பின்கதவில் தொங்கி வெயிலில் காய்ந்தது. விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா?

நான், 7:53
தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. கதவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தூக்கிப்பிடித்துத்தான் சாத்தினேன்.

அப்பா, 7:55
இத்தனை வருடம் அந்த டயரைச் சுமந்தால் கீல் இறங்கத்தானே செய்யும். நாளைக்குப் பஞ்சரானால் மெதுவாக வீடு வந்து சேர அது போதும். திங்கள்கிழமை மாற்றிவிடலாம்.

எண்ணூர் சித்தி, 8:20
பின்னால் எதிரெதிர் சீட்டில் யார் எந்தப் பக்கம் என்று இங்கே இப்போதே அடிதடி. முழங்கால் இடித்தால் அழக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அம்மா, 8:24
ஆயா ஏறி இறங்க முக்காலியை யாராவது எடுத்து வையுங்கள். அந்த உயரத்துக்கு அவரால் கால் தூக்க முடியாது.

நான், 8:25
வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 7:48
எண்ணூரில் சித்தியை ஏற்றியாகிவிட்டது. மணலி புதுநகர் வழியாகப் போகிறோம். முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் வரிசையின் முனை வரை தெரிகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். 2,99,977.

ராயபுரம் மாமா, 7:50
மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதே.

நான், 8:41
2,99,999!!!

ராயபுரம் மாமா, 8:42
கேமராவைத் திறந்து வை.

பெங்களூரு அண்ணன், 8:55
என்ன ஆச்சு?

பெங்களூரு அண்ணன், 9:10
வண்டி நின்றுவிட்டதா? நான் அப்போதே சொன்னேன்.

நான், 9:26
📷 படம்
3,00,009. மன்னியுங்கள். சரியாக அந்த இடத்தில் ஆயா நுங்குக் கடையைப் பார்த்துவிட்டார். இறங்கினோம், ஆளுக்கு ஆறு கண். மறுபடி ஏறியதும் பின்சீட்டில் சண்டை, அதைப் பிரித்துவிட்டுத் திரும்பினால் மூன்று லட்சம் போயே போய்விட்டது.

அப்பா, 9:28
வந்து சேர்ந்தோம். நின்றதும் உடனே என்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விட்டேன். டர்போ சூடாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆயில் நிற்கக் கூடாது. பிள்ளைகள் அந்த ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் ஏரிக்கு ஓடிவிட்டார்கள், நானும் பின்னால் வந்துவிட்டேன்.

அம்மா, 9:40
எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள்? நானும் ஆயாவும் இன்னும் வண்டிக்குள்தான். முக்காலி எங்கே?

எண்ணூர் சித்தி, 9:42
பின்னால் இல்லையா அக்கா? நான் இறால் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, 9:42
இல்லை.

நான், 9:44
நுங்குக் கடை 😬

ராயபுரம் மாமா, 9:45
ஐஸ் பெட்டியைக் கீழே போட்டு இறக்கு அக்கா.

அம்மா, 9:58
ஆயா இறங்கிவிட்டார். மூடியில் நீளமாக ஒரு விரிசல். நெத்திலிக் கருவாடு மட்டும் வாங்கினால் போதும்.