ஹீட்டர் முழுக்கத் திறந்தும் முதுகுப் பக்கம் பனிக்காற்று: எங்கிருந்து வருகிறது?

வால்சிறகு:
சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை அலுமினிய விமானம், பின்னால் சறுக்கித் திறக்கும் கேனோபி (இருக்கைகளுக்கு மேலுள்ள கண்ணாடி மூடி). எக்ஸாஸ்ட் குழாய்மேல் ஒரு ஹீட் மஃப் (குழாயின் சூட்டில் கேபின் காற்றைச் சூடாக்கும் தகட்டு உறை). எஞ்சினின் பின் பேஃபிளிலிருந்து (குளிரூட்டும் காற்றைத் திருப்பிவிடும் தகடு) 2 அங்குல ஸ்கேட் ஹோஸ் (சூடு தாங்கும் வளைகுழாய்) அதற்குக் காற்று தருகிறது. வெளியே மைனஸ் 5 டிகிரி, ஃபயர்வாலில் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு) உள்ள ஹீட்டர் வால்வில் 75. பெடல் பக்கம் கால் சுடுகிறது, இடுப்புக்குப் பின்னால் விறைக்கிறது. வென்ட்களை டேப் ஒட்டி அடைத்தும் பயனில்லை. இரண்டாவது மஃப் போடலாமா?

தகட்டுத்தச்சன்:
வேண்டாம். 75 வருகிறதென்றால் மஃப் தன் வேலையைச் செய்கிறது. கேனோபி வளைவின்மேல் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, விளிம்பு இடுக்குகள் வழியே கேபின் காற்றை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட வாலிலிருந்து குளிர்காற்று முன்னோக்கி வருகிறது. முதல் சந்தேகம் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) புஷ்ராடு துளைதான், அதாவது ஸ்டிக்கிலிருந்து வாலுக்குப் போகும் தண்டு நுழையும் இடம். அடுத்தது லக்கேஜ் தடுப்பின் ஓரங்களும் தோள்பட்டை பெல்ட் கேபிள் நுழையும் இடமும்.

ஒரு சாண் கம்பளி நூலை ஒவ்வொரு துளை பக்கத்திலும் ஒட்டி, க்ரூஸ் வேகத்தில் பாருங்கள். நூல் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால் அந்தத் துளைதான். புஷ்ராடுக்கு மெல்லிய தோலில் பூட் (தண்டைச் சுற்றி மூடும் உறை) தைத்து மாட்டலாம். ஸ்டிக்கைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளி, எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே பறக்கவும்.

எண்ணெய்க்கறை:
காரணம் அதேதான், வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாலை முதலில் அடைத்தால் கேபின் அழுத்தம் இன்னும் இறங்கும். அப்போது காற்று வர மிச்சமிருப்பது ஃபயர்வால் ஓட்டைகள், அதாவது எஞ்சின் அறைக் காற்று. குளிர் போய் கார்பன் மோனாக்சைடு வரும்.

எவ்வளவு குறைவு என்று அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. கேபினுக்குள் திறக்கும் மாற்று ஸ்டாட்டிக் (ஆல்டிமீட்டருக்கு வெளிக்காற்றுக்குப் பதில் கேபின் அழுத்தத்தைத் தரும் வால்வு) இருந்தால், சமமட்டத்தில் பறந்தபடி அதைத் திறந்து ஆல்டிமீட்டரை (உயரமானி) பாருங்கள். தாழ்வான உயரத்தில் 50 அடி ஏறிக் காட்டினால் கேபினில் கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தின் அளவுக்குக் குறைவு.

ஃபயர்வாலைச் சோதிக்க இருட்டுதான் வசதி. கௌலிங்கை (எஞ்சின் மூடி) கழற்றி எஞ்சின் பக்கம் பலமான விளக்கு வைத்து, உள்ளே பெடல்களுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். கம்பிக்கட்டு நுழையும் இடங்களில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். தீத்தடுப்பு சீலன்ட் மட்டுமே போடவும், குளியலறை சிலிக்கான் கூடாது. வால்வு அலுமினியமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள்: எஞ்சினில் தீப்பிடித்தால் அது உருகி, 2 அங்குல ஓட்டை நேரே உங்கள் காலுக்கு.

வால்சிறகு:
ஆல்டிமீட்டர் 60 அடி ஏறுகிறது. பெல்ட் கேபிள் துளை நூல் விறைப்பாக முன்னோக்கி நிற்கிறது. டிஜிட்டல் கார்பன் மோனாக்சைடு மீட்டரில் ஹீட்டர் மூடியிருந்தால் 0, திறந்தால் 14 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 14 பங்கு). வரம்பு 50 என்கிறார்களே, பரவாயில்லையா?

எண்ணெய்க்கறை:
பரவாயில்லை இல்லை. 20,000-ல் 1 பங்கு, அதாவது 50 பி.பி.எம்., என்பது அமெரிக்கச் சான்றிதழ் விதியின் உச்ச அளவு. எக்ஸாஸ்ட் கசிவுக்கு அனுமதி அல்ல. திறக்கும்போது மட்டும் ஏறுகிறதென்றால் சந்தேகம் ஃபயர்வால்மேல் இல்லை. மஃபுக்குள்ளேயே விரிசல், அல்லது மஃபுக்குப் போகும் காற்றில் மேலே எங்கோ கலக்கிறது. சரியாகும்வரை ஹீட்டரைத் திறக்காதீர்கள்.

மஃப் தகட்டைக் கழற்றுங்கள். வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை எக்ஸாஸ்ட் குழாயின் வெளி முனையில் பொருத்தி, இடைவெளியைத் துணியால் அடைத்து, குழாய்மேல் சோப்புத்தண்ணீர் தடவுங்கள். வெல்டு ஓரத்தையும், மஃப் கிளாம்ப் உரசும் வளையத்தையும் பொறுமையாகப் பாருங்கள். ஸ்லிப் ஜாயின்டில் (ஒரு குழாய் இன்னொன்றுக்குள் செருகும் இணைப்பு) கொஞ்சம் நுரை வரும், அது இயல்பு. வெறும் குழாயில் நுரை வந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

தகட்டுத்தச்சன்:
சூடு கூட்ட மஃபுக்குள் ஸ்டீல் நார் திணித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். குழாயில் உரசும், விரிசலையும் மறைக்கும். இன்னொன்று: ஹீட்டர் மூடியிருக்கும்போது வால்வு சூடான காற்றைக் கௌலிங்குக்குள் கொட்டுகிறதா? ஓட்டம் நின்றால் மஃபும் ஹோஸும் வெந்துபோகும்.