அப்டேட்: மோட்டார்ஹோம் பின்னாடி ஜீப்பும் கோல்ஃப் கார்ட்டும்
போன மாசம் கேட்டிருந்தேன்ல, மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிக்கிற வீட்டு வண்டி) பின்னாடி ஜீப் ராங்லர், அதுக்கும் பின்னாடி குட்டி ட்ரெய்லர்ல கோல்ஃப் கார்ட், இப்படியே ஃப்ளோரிடா வரை போலாமான்னு, அதை விட்டாச்சு. அமெரிக்காவுல கிழக்குப் பக்கம் பல மாநிலங்கள்ல ரெண்டை வரிசையா இழுக்க சட்டம் விடாது. ஒரே பெரிய ட்ரெய்லர்ல ஏத்தலாம்னா எங்க மோட்டார்ஹோம் ஹிட்ச் (பின்னாடி இழுக்குறதைக் கோர்க்கிற கொக்கி) 5000 பவுண்டுதான் தாங்கும், ஜீப்பே 4000 பக்கம், கார்ட் பேட்டரியோட 1000 பக்கம், ட்ரெய்லர் எடை வேற இருக்கு.

அதனால ஜீப் மட்டும்தான், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவரைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) நியூட்ரல்ல, நாலு வீலும் ரோட்டுல. ஜீப்புக்கு தனி பிரேக் சிஸ்டம் மாட்டிட்டேன், அது இல்லாம தயவுசெஞ்சு யாரும் கிளம்பாதீங்க. ஜீப்பைக் கோர்த்துட்டு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, பங்க்குல நுழையுறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற வழிய பாத்துக்கங்க. கார்ட்டை ஃப்ளோரிடாவுல டிஸ்னியோட கேம்ப்கிரவுண்ட் ஃபோர்ட் வில்டர்னஸ்ல வாடகைக்கு எடுத்துக்கிறோம்.